நாளுக்குக் கால் திருகு

தாழைக்குறிச்சியில் ஆணிகள் எழுந்துகொள்ளத் தொடங்கிய முப்பதாவது நாள் காலையில் பூதலிங்கம் அந்த ஊரில் வந்து இறங்கினார். இறங்கும்போது பஸ்ஸின் கைப்பிடிக் கம்பி அவர் கையோடு கழன்று வந்துவிட்டது. கண்டக்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கம்பியை வாங்கி, சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, இரண்டு திருகையும் முடுக்கிவிட்டு விசில் ஊதினார். டிக்கெட் கிழிப்பதைப் போல அதுவும் அவருக்கு ஒரு வேலையாகிவிட்டிருந்தது.

பூதலிங்கம் கோட்டாற்றுக்காரர். பழைய பொருட்களுக்கு மதிப்புச் சொல்வது தொழில். கொச்சியிலும் புதுச்சேரியிலும் உள்ள கடைக்காரர்கள் எங்காவது ஒரு பழைய விளக்கோ மரப்பெட்டியோ விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் முதலில் இவரைத்தான் அனுப்புவார்கள். இவர் போய் முகர்ந்து, தட்டி, வெயிலில் திருப்பிப் பார்த்து, வாங்கலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வார். அதற்குமேல் யாரும் பேசியதில்லை. ஓர் ஊரில் இரண்டு நாள் தங்கினால் அவருக்கு உள்ளங்கால் அரிக்கும். வீட்டுக்குப் போவதே வேட்டி மாற்றத்தான் என்று அவர் மனைவி சொர்ணம் சொல்வதுண்டு. முப்பது வருஷமாக அலைந்து அவர் பார்த்ததெல்லாம் ஒன்று குறைந்ததும் ஒன்று மாறியதுமாகத்தான் இருந்தது. ஏதாவது ஒன்றை முழுசாகப் பார்த்துவிட்டால் அலைச்சல் நின்றுவிடும் என்று அவருக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த முறை அவரை அனுப்பியது புதுச்சேரியில் ஒரு பழைய மாளிகையை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்த முதலாளி. கப்பல் தச்சர் ஒருவரின் கருவிப்பெட்டி தாழைக்குறிச்சியில் இருப்பதாகவும், குறையில்லாமல் இருந்தால் கண்ணாடிக்குப் பின்னால் சுவரில் வரிசையாக மாட்டிவைக்க வேண்டும் என்றும் அவர் சொல்லியிருந்தார்.

பெட்டி ஞானப்பூவின் வீட்டில் இருந்தது. ஞானப்பூவின் கணவர் தேவசகாயத்துக்குக் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு சிற்றப்பா இருந்தார், இடதுகைக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாமல் கப்பல்களின் வயிற்று ஓட்டைகளை அடைத்தே வாழ்ந்தவர். அவர் இறந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அவருடைய பெட்டி ஏதேதோ கிடங்குகளில் தூங்கிவிட்டு ஒரு திங்கட்கிழமை லாரியில் வந்து இறங்கியது. ஞானப்பூ கயிற்றை அறுத்து மூடியைத் திறந்தாள். அன்று சாயங்காலம் ஊரில் உள்ள எல்லா ஆணியும் எல்லாத் திருகும் எல்லாப் போல்ட்டும் கால் சுற்று வெளியே வந்தன. மறுநாள் இன்னொரு கால். அதற்கு மறுநாள் இன்னொரு கால். பெட்டியை மூடிப் பார்த்தார்கள், கடலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள், பாதிரியார் வந்து ஜெபித்துப் பார்த்தார், சுடலைமாடனுக்கு ஒரு சேவல் நேர்ந்து பார்த்தார்கள். கால் திருகு என்றால் கால் திருகுதான். வெகுநாள் சும்மா கிடந்த கருவி வேலை கேட்கிறது என்றார்கள் சிலர். உப்புக்காற்று என்றார்கள் சிலர். பிறகு காரணம் தேடுவதை விட்டுவிட்டு ஊர் வாழப் பழகிக்கொண்டது.

எப்படிப் பழகியது என்றால், காலையில் பல் துலக்கியதும் கட்டிலை முடுக்கி, கதவை முடுக்கி, காற்றாடியை முடுக்கி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு முன்பு அவரவர் பெஞ்சை முடுக்கி, உப்பளத்துக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு ஒரு திருப்புளியையும் முந்தியில் செருகிக்கொண்டு போகும் அளவுக்குப் பழகியது. கல்யாண வீட்டில் மொய்யோடு ஒரு பொட்டலம் ஆணியும் வைத்தார்கள். கழன்றது இரும்பு மட்டும் இல்லை. ஊறுகாய் ஜாடி மூடிகள் தொட்டதும் திறந்துகொண்டன. பன்னிரண்டு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பிக்கு நடுவே இருந்த சண்டை ஒருநாள் கழன்று விழுந்து, இருவரும் ஒரே தோணியில் ஏறிப் போனார்கள். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் நூர்நிஷாவின் கையில் முப்பது நாளில் பிறந்த ஆறு பிள்ளைகளும் வெண்ணெயில் முடி இழுத்த மாதிரி வந்தன. அதே சமயம் கிழவர்களின் பல் ஆடியது. சொல்லாமல் வைத்திருந்த ரகசியங்கள் வாயிலிருந்து நழுவின. டீக்கடை மாசானத்தின் இளைய மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் முடிச்சு அவிழ்ந்து போனது. மாசானம் வார்டு மெம்பரும்கூட. பெட்டியை விற்று ஊரைவிட்டு அனுப்பியே தீரவேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். புதுச்சேரி முதலாளிக்கு ஆள் பிடித்துத் தகவல் சொன்னதும் அவர்தான்.

பூதலிங்கம் இதையெல்லாம் டீக்கடையில் நின்றபடியே கேட்டுக்கொண்டு, மாலை பஸ்ஸுக்குத் திரும்பிவிடுகிற எண்ணத்தோடு ஞானப்பூவின் வீட்டுக்குப் போனார். முற்றத்து வேப்பமரத்தடியில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் மூடியைத் தூக்கினார்.

இருபத்து மூன்று கருவிகள். ஒவ்வொன்றுக்கும் பெட்டிக்குள் அதனதன் வடிவத்தில் குடைந்த பள்ளம். காலியான பள்ளம் ஒன்றுகூட இல்லை. பூதலிங்கத்துக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. முழுசாக இருப்பது எப்போதுமே எங்கிருந்தோ சேர்த்துக் கட்டியதாக இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். உளிகள், மரம் சீவும் இழைப்புளிகள், உளியைத் தட்டும் கொட்டாப்புளி, மூலை பார்க்கும் மூலமட்டம், மரம் துளைக்கும் பர்மா, கப்பல் பலகை இடுக்கில் கயிறு திணிக்கிற அகல வாய் இரும்புகள். எல்லா இரும்பிலும் ஒரே சின்ன நங்கூர முத்திரை. எல்லாப் பிடியிலும் ஒரே இடத்தில், இடதுகைப் பெருவிரல் பதிகிற இடத்தில், ஒரே கருப்பு. பூச்சு அடித்துப் பழசாக்கிய கருப்பு நகம் வைத்தால் உரியும். இது வியர்வைக் கருப்பு, மரத்துக்குள் இறங்கியிருந்தது. துருவும் தோலளவுதான், இரும்பைத் தின்றிருக்கவில்லை. இழைப்புளியின் அலகு பாதிக்குமேல் தேயாமல் மிச்சம் இருந்தது. ஒரே ஒரு உளிக்குப் பனை வைரக் கட்டையில் வேறு பிடி போட்டிருந்தது. வேறு சமயமாக இருந்தால் அந்தப் பிடியைக் காட்டியே விலையைப் பாதியாக்கியிருப்பார். ஆனால் அந்தப் பிடியிலும் அதே பெருவிரல் கருப்பு. வேலை நடுவில் உடைந்து, அந்த மனுஷரே செதுக்கிப் போட்டுக்கொண்டது.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. கருவி கருவிதானா என்று வேலை செய்து பார்க்கவேண்டும். ஒரு தேக்குத்துண்டு கேட்டு வாங்கி இழைப்புளியை ஓட்டினார். சீவல் ஒரே இழையாக, வெங்காயத் தோல் போல, வேப்பமரத்து வெயில் தெரிகிற மாதிரி சுருண்டு வந்தது. நிறுத்த மனம் வரவில்லை. உளியை எடுத்து ஒரு காடிப்பள்ளம் வெட்டினார், பர்மாவால் துளை போட்டார், மாலை பஸ் போன சத்தம்கூட அவருக்குக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஊரில் ஒரு திருகும் வெளியே வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் மாசானம் பாதி ஊரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேலை கொடுத்தால் பெட்டி அடங்குகிறது என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அண்ணாச்சி அவசரப்படவேண்டாம், நன்றாகச் சோதித்துப் பார்க்கட்டும் என்றார்கள். ஒருவர் கட்டை கொண்டுவந்தார், ஒருத்தி மீன்குழம்பு கொண்டுவந்தாள், பள்ளிக்கூடத்தின் பின்னறையில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். அந்தக் கட்டில் ஆடவே இல்லை. ஊரே சந்தோஷமாக இருக்க, ஞானப்பூ மட்டும் முகம் கொடுக்காமல் போவதைப் பூதலிங்கம் கவனித்தார்.

மறுநாள் காலையில் அவர் இழைப்புளியைக் கையில் எடுத்ததும் அவள் வந்து குறுக்கே நின்றாள். உள்ளே வந்து ஒன்றைப் பார்த்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கச் சொன்னாள்.

உள்ளே தேவசகாயம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து, பேச்சும் நடையும் மெல்லத் திரும்பியும் வலது கை மட்டும் மூடிக்கொண்டது மூடிக்கொண்டதுதான். முஷ்டியைத் திறக்க டாக்டர்கள் ஏதேதோ செய்தார்கள். நகம் உள்ளங்கையில் புதைந்து புண்ணானதுதான் மிச்சம். ஞானப்பூ அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலும் நீண்டிருந்தன. ஆள்காட்டி விரலும் பெருவிரலும் மடங்கியே இருந்தன.

"பத்து நாளைக்கு ஒரு விரலு, அண்ணாச்சி. ஊர்ல யாருக்கும் தெரியாது. நேத்து நீங்க வேலை செஞ்சிய. நேத்து இது அசையல."

தேவசகாயம் அவள் சொல்வது பிடிக்காதவர் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பூதலிங்கம் முற்றத்துக்கு வந்து இழைப்புளியை அதன் பள்ளத்தில் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

அப்படித் தொடங்கியது அவர் பொய். வாசலில் ஆள் நடமாட்டம் கேட்டால் கண்ணாடியைக் கண்ணில் வைப்பார். நோட்டில் எதையாவது எழுதுவார். திருகுகள் மறுபடி எழுந்துகொள்ளவே ஊர் வந்து கேட்டது. முதல் நாள் ஏதோ பொருத்தம், நேரம் அமைந்தது, மரம் மாறினால் பலிக்காது என்று சொன்னார். தானே ஒரு கை பார்க்கிறேன் என்று மாசானம் கேட்டபோது, மதிப்புப் போட்டு முடியும்வரை வேறு கை படக்கூடாது, பட்டால் விலை போகாது என்று தடுத்தார். அவர் சொல்லுக்கு மேல் பேச்சில்லை என்று பெயர் இருந்ததால் அவர்களும் போனார்கள். தன் பெயரை இப்படிச் செலவழிப்போம் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஆனால் அந்த நாட்கள் அவருக்குச் சுலபமாகப் போகவில்லை. முப்பது வருஷம் தேடியது எதிரில் கிடக்கிறது, தொடக்கூடாது. உள்ளங்கால் அரித்தது. கடற்கரைவரை நடந்தார், திரும்பினார், உப்பளம்வரை நடந்தார், திரும்பினார், ஒரு நாளில் நான்கு தடவை டீ குடித்தார், புதுச்சேரியிலிருந்து வந்த போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் விரல்கள் தாமாகவே வேட்டி ஓரத்தைச் சீவின. எட்டாம் நாள் மத்தியானம், ஞானப்பூ ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், ஒரே ஒரு இழை, ஒன்றே ஒன்று என்று இழைப்புளியை எடுத்து ஓட்டிவிட்டார். சீவல் சுருண்டு அவர் மடியில் விழுந்தபோது முதலில் சுகமாக இருந்தது. நிமிர்ந்தார். ஜன்னலுக்குள்ளிருந்து தேவசகாயம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தன் கையைப் பார்க்கிற மாதிரியே அவர் பூதலிங்கத்தின் கையைப் பார்த்தார். பூதலிங்கம் சீவலை வாயில் போட்டு மென்று விழுங்கினார். அவள் வந்து பார்த்துவிடக்கூடாது என்பதற்காக.

பதினாறாம் நாளில் ஆள்காட்டி விரல் முழுசாக நீண்டு, பெருவிரலும் கொஞ்சம் நெகிழ்ந்திருந்தது. அன்று காலையில்தான் தண்ணீர்த் தொட்டியின் சேதி வந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டி நான்கு இரும்புக்கால்களில் நிற்கிற தொட்டி. வெளியே தெரிகிற போல்ட்டுகளை ஆட்கள் தினமும் முடுக்கித்தான் வந்தார்கள். காலும் தொட்டியும் சேருகிற இடத்தில், கை நுழையாத இடுக்கில் நான்கு போல்ட்டுகள் இருந்ததை யாரும் நினைக்கவில்லை. அதில் ஒன்று காலையில் பள்ளிக்கூட முற்றத்தில் விழுந்து கிடந்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தொட்டியைத் திறந்துவிட்டு, ஊர் மொத்தமும் ஞானப்பூவின் முற்றத்துக்கு வந்தது. மாசானம் அந்தப் போல்ட்டைப் பூதலிங்கத்தின் முன்னால் வைத்தார். வாங்கினால் இன்றைக்கே தூக்கிக்கொண்டு போகவேண்டும், இல்லையென்றால் நடுக்கடலில் போட்டுவிடுவோம் என்று மட்டும் சொன்னார்.

பூதலிங்கம் ஞானப்பூவைப் பார்த்தார். இன்னும் ஏழு நாள் கேட்பாள் என்று நினைத்தார். கேட்டால் என்ன பொய் சொல்லலாம் என்றுகூட யோசித்தார். அவள் முன்னால் வந்து, கணவரின் கையைப் பற்றிய எல்லாவற்றையும் ஊருக்கு முன்னால் சொன்னாள். பூதலிங்கம் தனக்காகவே வேலை செய்யாமல் இருந்தார் என்றும் சொன்னாள்.

"பிள்ளைகள் தலைக்கு மேல இருக்கு தொட்டி. ஒரு பெருவிரலுக்காக நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கேன். எடுத்துட்டுப் போயிருங்க அண்ணாச்சி."

இதுதான் சரியான நேரம். விற்பவளே எடுத்துப் போகச் சொல்கிறாள், ஊர் போகச் சொல்கிறது, புதுச்சேரிக்காரர் காத்திருக்கிறார். போகிற வழியில் கோட்டாற்றில் இறங்கிப் பெட்டியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்றும் அவருக்குத் தோன்றியது. கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிய கருவிகளும், கழன்று தொங்கும் ஓட்டல் காற்றாடிகளும், அவற்றின் கீழே தட்டு ஏந்தி நடக்கிற யாரோ சில பிள்ளைகளும் அதற்கப்புறம்தான் அவர் கண்ணில் வந்தார்கள். அவர் பெட்டியை மூடவில்லை. உட்கார்ந்தபடியே இழைப்புளியை எடுத்து, அந்தத் தேக்குத்துண்டில் ஓட்டிக்கொண்டே பேசினார். ஓட்டும்போது பேசினால் யாரும் அஞ்சவேண்டியதில்லை அல்லவா.

இருபத்து மூன்றும் ஒரே கை பிடித்தவை, ஒன்று குறையவில்லை, ஒன்று மாறவில்லை, முப்பது வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று சொன்னார். கூட்டத்தில் சிலர் விலை ஏறப்போகிறது என்று நினைத்தார்கள்.

"வாங்கலாம்," என்றார் பூதலிங்கம். "ஆனா நான் வாங்கப்பிடாது. சுவத்துல மாட்டுகவன் யாருமே வாங்கப்பிடாது. நீங்க வாங்கணும்."

மாசானம் சிரித்தார், பிறகு அது சிரிக்கிற விஷயமில்லை என்று கண்டு நிறுத்தினார். பூதலிங்கம் சொன்னது எளிய கணக்கு. தினம் ஒரு வீடு முறை வைத்து இந்தக் கருவிகளால் ஏதாவது வேலை செய்யட்டும். நாற்காலிக்கு ஒரு கால், தோணிக்கு ஒரு பலகை, எதுவானாலும் சரி. திருகு எழுந்திருக்காது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் பெட்டியைச் சும்மா திறந்து வைக்கட்டும். அந்த ஒருநாள் கால் திருகை மறுநாள் காலையில் முடுக்கிவிடலாம். தொட்டிக் காலுக்குப் போல்ட்டுக்குப் பதில் வெல்டு வைக்கட்டும், பற்று வைத்த இரும்பு கழலாது.

ஊர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மகளின் சம்பந்தத்தைத் தின்ற பெட்டியைக் காசு கொடுத்து வைத்துக்கொள்வதா என்று மாசானம் கேட்டார். அப்போது பின்னாலிருந்து நர்ஸ் நூர்நிஷா பேசினாள். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள். கூட்டம் அமைதியாகும்வரை காத்திருந்தாள்.

"ஒங்க மூத்த மகளுக்கு மாசம் எட்டு. மொத பிள்ளைக்கு ரெண்டு நாள் துடிச்சா. நான்தான் கூட இருந்தேன். வாரத்துக்கு ஒரு நாளாச்சும் எனக்குக் குடுங்க."

மாசானம் தரையில் கிடந்த போல்ட்டை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் எந்த நாள் என்பதில்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று வேதத்திலேயே இருப்பதால் தச்சுக் கருவிக்கும் அதுவே பொருந்தும் என்று பாதிரியார் சொன்னது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. முதல் முறை மாசானத்தின் வீட்டுக்கு விழுந்தது. பூதலிங்கம் கையில் ஓடிக்கொண்டிருந்த இழைப்புளியை நிறுத்தாமல் அப்படியே அவர் கைக்கு மாற்றினார். மாற்றும்போது விரல் விட மறுத்தது, ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டார்.

மாலை பஸ்ஸில் ஏறினார். புதுச்சேரிக்காரரிடம் கிடைக்காது என்று சொன்னபோது காரணம் கேட்டார், இவர் சொல்லவில்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை; பூதலிங்கத்துக்குக் கண் மங்கிவிட்டது என்று மற்றவர்களிடம் சொன்னதாகக் கேள்வி. வேலை குறைந்தது. முழுசானதைப் பார்த்துவிட்டால் அலைச்சல் நிற்கும் என்ற நினைப்பும் பொய்யாகிப்போனது. முன்னைவிட அதிகமாகவே அரித்தது. யார் வீட்டு முற்றத்தில் குனிந்து எதைப் பார்த்தாலும் இன்று என்ன கிழமை என்று யோசித்தார். ஞாயிறானால் மத்தியானம் சாப்பிடாமல் இருப்பார். ஏன் என்று சொர்ணம் கேட்டால் பசியில்லை என்பார்.

தாழைக்குறிச்சியில் முறை ஓடியது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து நிறைமாதப் பெண்கள் சனிக்கிழமையே சொந்தக்காரர் வீடுகளில் வந்து தங்கினார்கள். பிள்ளைகளும் விவரம் தெரிந்து ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்து பிறந்தன. கழலாத மோதிரமும் திறக்காத பூட்டும் தீராத வழக்கும் கொண்டுவருகிறவர்கள் மாதாகோயில் மணி அடிப்பதற்கு முன்பே வரிசையில் நின்றார்கள். மாசானம் அவர்களுக்கு டீ விற்றார்.

ஏழாவது ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை பூதலிங்கம் தக்கலையில் ஒரு வெண்கல உருளியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஞானப்பூவின் போன் வந்தது. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தொட்டிக்கு வெல்டு வைத்தாயிற்று, மாசானம் மகளுக்குப் பெண்குழந்தை என்று ஊர்ச் சேதி எல்லாம் சொன்னாள். அவர் உருளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"நேத்து மத்தியானம் சாப்பிட உக்காந்தோம் அண்ணாச்சி. அவிய அந்தக் கையாலயே தட்டுல இருந்த மீன எடுத்து, முள்ளு நீக்கி, என் தட்டுல வச்சாவ."

பூதலிங்கம் என்ன மீன் என்று கேட்டார்.

"சாளை."

"அதுக்கு முள்ளு கூடுதல்லா."

"ஆமா," என்றாள் ஞானப்பூ. "நேரமாச்சு. சோறெல்லாம் ஆறிப்போச்சு. ஒரு முள்ளு இல்ல."